நைட் டிரஸ்ஸோட ஓடின ஜெனரல்

கேள்வி: ஒரு குடோன்ல நைட் ஷிஃப்ட் இன்சார்ஜா இருக்கேன். போன மாசம் கொஞ்சம் கண்ணசந்த நேரத்துல பின் கேட் வழியா வந்து சரக்கைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அந்த கேட் பூட்டு ரெண்டு மாசமாவே சரியில்ல, அது எனக்கும் தெரியும். இப்ப வாட்ஸ்அப் குரூப்ல என் பேரே கும்பகர்ணன். வேலைய விட்டுடலாமா?

பதில்: தம்பி, உங்க லெட்டரைப் படிச்சதும் எனக்கு காட்வாலடர் வாஷ்பர்ன்தான் ஞாபகம் வந்தாரு. அமெரிக்காக்காரர், இப்ப மெயின்ங்கிற மாநிலமா இருக்கிற இடத்துல 1818ல பொறந்து விஸ்கான்சின் போய் வக்கீல், நிலம், மரம்னு சம்பாதிச்சு எம்.பி. ஆகி, உள்நாட்டுப் போர்ல ஜெனரலாவும் ஆனவர். 1864 ஆகஸ்ட் 21, ஞாயித்துக்கிழமை விடியக்காலை, ஒரே மூடுபனி, டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸ் ஊர்ல, அங்க இருந்த படைக்கே பொறுப்பான மனுஷன் நல்லா தூங்கிட்டு இருக்காரு, எதிரிப்படை ஜெனரல் ஃபாரஸ்ட்டோட குதிரைக்காரங்க ஊருக்குள்ள பூந்துட்டாங்க. இவரு போட்டிருந்த நைட் டிரஸ்ஸோட சந்து வழியா கோட்டைக்கு ஓட்டம்! வந்தவங்க கையில சிக்கினது இவரோட யூனிஃபார்ம்தான். இவருக்கு முன்னாடி அந்தப் பொறுப்புல இருந்த ஹர்ல்பட் சும்மா இருப்பாரா, ஃபாரஸ்ட்டை டென்னசிக்குள்ள விட்டுட்டேன்னு என்னை மாத்தினீங்க, இவரால பெட்ரூமுக்குள்ளயே வராம தடுக்க முடியலையேன்னு சொன்னதா இன்னைக்கும் சொல்றாங்க. அந்த சந்துக்கு 'ஜெனரல் வாஷ்பர்ன் தப்பிச்ச சந்து'ன்னே பேரு, தெருப்பலகையில இருக்கு. உங்களுக்கு குரூப்போட போச்சு.

ஆனா அவரு ஒளிஞ்சுக்கல. ரெண்டே வருஷத்துல திரும்ப எம்.பி., 1872ல விஸ்கான்சின் கவர்னர். நடுவுல மின்னியாபோலிஸ்ல மாவு மில்லு கட்டினாரு, இவ்வளவு மாவை எவன் வாங்குவான்னு அதுக்கும் ஊரே சிரிச்சுது.

இது வரைக்கும் வெறும் கேலி. அடுத்தது கேலி இல்ல. 1878 மே 2 சாயங்காலம் அவரோட பெரிய மில்லு வெடிச்சுது, பக்கத்து மில்லுகளும் சேர்ந்து போச்சு, 18 பேர் செத்தாங்க. வெடிமருந்து எதுவும் இல்ல, காத்துல மெதந்த மாவுத் தூசி, அரைக்கிற கல்லுலேர்ந்து ஒரு பொறி, அவ்வளவுதான். எல்லா மில்லுலயும்தான் தூசி பறக்குதுன்னு சமாளிச்சிருக்கலாம், ஆனா அவரு ஆஸ்திரியாவுலேர்ந்து வந்த இன்ஜினியர் டி லா பாரை வச்சு தூசியை இழுத்து வெளிய தள்ற ஏற்பாட்டோட அதே இடத்துல புதுசா கட்டினாரு, 1880ல மில்லு ஓட ஆரம்பிச்சுது. அந்த வருஷமே அவங்க மாவு சின்சினாட்டி கண்காட்சியில தங்க மெடல் வாங்குச்சு. (அந்தக் கம்பெனிதான் பின்னாடி ஜெனரல் மில்ஸ் ஆச்சு.)

தூங்கினதுக்கு சிரிக்கிறவங்க சிரிச்சுட்டுப் போகட்டும், இன்னொருத்தன் மாட்டுற வரைக்கும்தான் அது. எனக்கு உறுத்துறது வேற, அந்த ரெண்டு மாச பூட்டு. முதலாளிகிட்ட நீங்களே போய் ஆமா சார், தெரிஞ்சும் விட்டுட்டேன்னு சொல்லிடுங்க, திட்டு விழும், வாங்கிக்கோங்க. வேலைய விடுறதைப் பத்தி அப்புறம் பேசலாம். இவ்வளவு பெரிய லெட்டர் எழுதியிருக்கீங்க, அந்தப் பூட்டை மாத்தியாச்சான்னு ஒரு வரி காணோமே?