குளியல் தொட்டியில் தாம்பத்தியம்: எரிச்சல் ஏன் வருகிறது?

கேள்வி: எனக்கு 26 வயது. திருமணமாகி நான்கு மாதம் ஆகிறது. கொடைக்கானலில் தங்கியபோது அறையில் இருந்த பாத்டப்பில் நிறைய பாத் ஃபோம் ஊற்றிக் குளித்தோம். அதிலேயே உறவும் வைத்துக்கொண்டோம். அப்போதே எனக்கு எரிந்தது. மறுநாள் முதல் சிறுநீர் போகும்போதெல்லாம் தாங்க முடியாத கடுப்பு. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி இரண்டு நாள் போட்டதும் அடங்கிவிட்டது. போன வாரம் வீட்டில் ஷவரில் உறவுகொண்ட பிறகு மறுபடியும் அதே கடுப்பு. தண்ணீரில் இருந்தால் சுத்தம்தானே டாக்டர்? நாங்கள் ஏதாவது தப்பு செய்துவிட்டோமா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். தப்பு எதுவும் இல்லை. மனம் ஒத்த இருவர் தங்கள் அறைக்குள் சேர்ந்து குளிப்பதும் கொஞ்சிக்கொள்வதும் அவர்கள் விருப்பம். இதே சிக்கலோடு என் கிளினிக்குக்கு வரும் இளம் பெண்கள் 'சூட்டினால் நீர்க்கடுப்பு டாக்டர்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். கூட வந்த மாமியாரையோ அம்மாவையோ வெளியே உட்காரவைத்த பிறகுதான் நடந்ததைச் சொல்வார்கள். நீங்கள் முழுதாக எழுதியிருப்பதால் எனக்கும் முழுதாகப் பதில் சொல்ல முடிகிறது.

தண்ணீரில் எல்லாம் வழுக்கும் என்று நினைக்கிறோம். பெண்ணுறுப்பில் அப்படி இல்லை. உறவின்போது அங்கே இயற்கையாக ஊறும் வழுவழுப்பைத் தண்ணீர் கழுவிவிடும். நன்றாகத் தேய்த்துக் கழுவிய எவர்சில்வர் தட்டில் ஈர விரலை இழுத்துப் பாருங்கள், கீச்சென்று பிடிக்கும். உள்ளேயும் அதே உராய்வுதான். கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்புகள் விழும், எரியும். கிருமிகளுக்கு அந்தச் சிராய்ப்புகளே வாசல்.

அதற்கு மேல் பாத் ஃபோம் வேறு. பெண்ணுறுப்பின் உட்புறம் இயல்பிலேயே புளிப்பானது. அதன் பி.எச். அளவு 3.8 முதல் 4.5 வரை (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). தயிரில் இருக்கும் நுண்ணுயிரிகளின் இனமான லாக்டோபேசிலஸ்தான் அந்தப் புளிப்பை உண்டாக்கிக் கெட்ட கிருமிகளைத் தள்ளி வைக்கிறது. (இதைப் படித்துவிட்டுத் தயிரை எடுத்து அங்கே தடவாதீர்கள், அப்படிச் செய்து வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.) நாம் தேய்க்கும் சாதாரண சோப்பின் பி.எச். 9, 10 என்று இருக்கும். நுரைக்காகவும் மணத்துக்காகவும் சேர்க்கும் பொருள்களும் அந்த மென்மையான தோலை உறுத்தும். உங்களுக்கு உறவின்போதே எரிந்ததற்கு உராய்வும் நுரையும் இரண்டுமே காரணமாக இருந்திருக்கலாம்.

சிறுநீர்க் கடுப்பு அடுத்த கட்டம். பெண்ணின் சிறுநீர்க் குழாய் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான். ஆசனவாய்ப் பக்கம் இருக்கும் ஈ.கோலை கிருமிகள் உறவின் அசைவில் அந்தக் குழாய்க்குள் போய்விடும். தண்ணீரில் இல்லாவிட்டாலும் புது மணப்பெண்களுக்கு இது வருவது சகஜம். 'ஹனிமூன் சிஸ்டைடிஸ்' என்று மருத்துவத்தில் பெயரே உண்டு. அதனால் உறவு முடிந்த கையோடு எழுந்து போய் சிறுநீர் கழித்துவிடுங்கள், உள்ளே போன கிருமி கொஞ்சமாவது வெளியேறும். பகலில் நன்றாகத் தண்ணீர் குடியுங்கள்.

இரண்டு நாள் மாத்திரை போட்டீர்கள் அல்லவா, எனக்குக் கவலை அதில்தான். என்ன மாத்திரை, எத்தனை நாள் என்று தெரியாமல் போட்டுப் பாதியில் விட்டால் தொற்று முழுதாகத் தீராது, அடுத்த முறை அந்த மருந்து வேலை செய்யாமலும் போகலாம். இப்போது மறுபடி வந்திருப்பதால், வேறு மாத்திரை தொடுவதற்கு முன் யூரின் கல்ச்சர் கொடுங்கள், என்ன கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று அந்தச் சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியும். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வரும் சிறுநீரைப் பிடிக்க வேண்டும். குளிர் காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம் இவற்றில் ஒன்று இருந்தாலும், மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சல், விலா வலி, வாந்தி இருந்தால் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம்; மாதவிலக்கு தள்ளியிருந்தால் கர்ப்பமா என்று பார்க்க வேண்டும்.

இனிமேல் என்ன செய்வது? தண்ணீரில் விளையாடுங்கள். உறவுக்குத் துடைத்துக்கொண்டு படுக்கைக்கு வந்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. தண்ணீரில்தான் வேண்டும் என்று இருவரும் விரும்பினால் உறவுக்கென்றே விற்கும் வழுவழுப்பான சிலிகான் ஜெல் வாங்கிக்கொள்ளுங்கள், அது தண்ணீரில் கரையாது. ஆனால் தரையில் சிந்தினால் பயங்கரமாக வழுக்கும், ரப்பர் பாய் போட்டுக்கொள்ளுங்கள். நுரை, பாத் சால்ட் எதுவும் வேண்டாம். வலித்தால் நிறுத்திவிட வேண்டும். இது கணவருக்கும் சேர்த்துச் சொல்வது. முடிந்ததும் ஹேண்ட் ஷவரை உள்ளே பீய்ச்சிக் கழுவாதீர்கள். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரில் கழுவினால் போதும், உட்புறம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: வயது 31. இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்று இருக்கிறோம். தண்ணீருக்குள் உறவு கொண்டால் கரு தரிக்காது என்கிறான் நண்பன். ஆணுறை போட்டால் தண்ணீரில் கிழிந்துவிடுமா? தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாமா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: தம்பி, நண்பர் சொன்னது தவறு. விந்து பெண்ணுறுப்புக்குள் போனால் வெளியே தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கரு தரிக்கலாம். முடிந்ததும் கழுவினாலும் தடுக்க முடியாது.

தண்ணீர் பட்டதற்காக ஆணுறை கிழிந்துவிடாது. உராய்வினால் கிழியலாம், ஈரத்தில் நழுவி உருவிக்கொள்ளலாம். நழுவியது தண்ணீருக்குள் தெரியாது என்பதுதான் ஆபத்து. அதனால் தண்ணீரில் இறங்கும் முன்பே, உடம்பு உலர்ந்திருக்கும்போதே மாட்டிக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. எண்ணெய் எதுவானாலும் லேடெக்ஸ் ரப்பரைச் சில நிமிடங்களில் பலவீனமாக்கிவிடும். சிலிகான் ஜெல் ஆணுறைக்கு ஒத்துப்போகும். ஆணுறை கழன்றுவிட்டால் 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் மனைவி போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நம் ஊரில் பல கடைகளில் இல்லை என்பார்கள். அலைந்து நேரத்தைக் கடத்தாமல் மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட்டாலும் பலன் உண்டு.

கேள்வி: குழந்தைக்காக ஒரு வருடமாக முயற்சி செய்கிறோம். வீட்டில் ஜக்குஸி வைத்திருக்கிறோம், கணவர் வாரத்தில் நான்கு நாள் சுடுதண்ணீரில் இருப்பார். பாதிக்குமா?
- வாசகி, சென்னை

பதில்: பாதிக்கலாம், நிறுத்தச் சொல்லுங்கள். விதைப்பை உடம்பைவிடச் சூடு குறைவாக இருந்தால்தான் விந்தணு நன்றாக உருவாகும். புதிய விந்தணு உருவாகி வர இரண்டரை மாதம் போல ஆகும், அதனால் உடனே மாற்றம் தெரியாது. ஆனால் ஒரு வருடம் ஆகிவிட்டதால் அதுவரை காத்திருக்க வேண்டாம், இருவரும் இப்போதே பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கரு தங்கியபின் நீங்களும் அந்தச் சுடுதண்ணீரில் இறங்காதீர்கள். முதல் மூன்று மாதங்களில் தாயின் உடல் சூடு மிகவும் ஏறினால் குழந்தையின் முதுகுத்தண்டு வளர்ச்சி பாதிக்கப்படலாம்.

கேள்வி: வெளிப்படையாக எழுதக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு 49 வயது. பிள்ளைகள் இருவரும் ஹாஸ்டலில். எங்கள் தோட்டத்து பம்ப்செட் தொட்டியில் நானும் அவரும் இரவில் குளிப்போம். சில நாள் அங்கேயே சேர்கிறோம். சமீபமாக ரொம்ப வலிக்கிறது, அரிப்பும் தயிர் போல வெள்ளைப்படுதலும் இருக்கிறது. இந்த வயதில் இது தேவையா என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.
- பெயர் வேண்டாம், கோபிசெட்டிபாளையம்

பதில்: தேவையா என்று கேட்காதீர்கள் அம்மா. இத்தனை வருடம் பிள்ளைகளுக்காக ஓடிவிட்டு இப்போதுதான் உங்கள் இருவருக்கும் நேரம் கிடைத்திருக்கிறது. அந்த வலிக்கு வழி இருக்கிறது.

மாதவிடாய் நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் உள்ளே வறட்சி வரும், தோல் மெலிதாகும். இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் தண்ணீர் எடுத்துவிடுகிறது. இதற்கு உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் உண்டு, பரிசோதித்துவிட்டு மருத்துவர் எழுதித் தருவார். தயிர் போல வெள்ளைப்படுவதும் அரிப்பும் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதோடு சர்க்கரைப் பரிசோதனையும் செய்யுங்கள். திரும்பத் திரும்பப் பூஞ்சை வந்து, அதை வைத்துச் சர்க்கரை நோயைக் கண்டுபிடித்த பெண்கள் என்னிடமே பலர். புண் ஆறும்வரை உறவு வேண்டாம். ஈர உள்பாவாடையோடு வீடு வரை நடக்காமல் மாற்றுத்துணி எடுத்துப் போங்கள்.

தொட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாசி பிடித்து நாள்கணக்கில் நின்ற தண்ணீரில் இறங்காதீர்கள். எலி மூத்திரம் கலந்தால் சிராய்ப்பு வழியாக எலிக்காய்ச்சல் வரும், மழைக்காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். தண்ணீரை இறைத்துவிட்டு, தேய்த்துக் கழுவி, அன்றைக்கு விட்ட புதுத் தண்ணீரில் குளியுங்கள். தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டு இறங்குங்கள். வயரில் கசிவு இருந்தால் இரவில் தெரியாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு தடவை எர்த்தைப் பார்க்கச் சொல்லிவிடுங்கள்.