சோலார் கன்ட்ரோலரின் லோடு முனையில் இன்வெர்ட்டரைக் கொடுக்கலாமா?

காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் 12 வோல்ட் சோலார் போட்டிருக்கிறீர்கள். 500 வாட் இன்வெர்ட்டரை சார்ஜ் கன்ட்ரோலரின் (பேனலிலிருந்து பேட்டரி சார்ஜ் ஆவதைக் கட்டுப்படுத்தும் பெட்டி) லோடு முனையில், அதாவது விளக்கு போன்றவற்றை மாட்டும் இடத்தில், மாட்டலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாங்க.

500-ஐ 12-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 42 ஆம்பியர்; இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 45-ஐத் தாண்டும். சிறிய கன்ட்ரோலர்களின் லோடு முனை பெரும்பாலும் 10, 20 ஆம்பியர்தான் தாங்கும். மாட்டுக்கொட்டகை எல்.இ.டி. விளக்கு, சின்ன டி.சி. ஃபேன் என்றால் சரி. பேட்டரி வடிந்தால் பொதுவாக கன்ட்ரோலரே அவற்றைத் துண்டித்தும் விடும்.

இன்வெர்ட்டரை நேராக பேட்டரியில் கொடுங்கள், தடித்த, குட்டையான ஒயரில். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் டி.சி. ஃபியூஸ் வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஒயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் பெரிய பேட்டரி ஆயிரம் ஆம்பியருக்கு மேல்கூடக் கொட்டும். ஃபியூஸ் இன்வெர்ட்டர் பக்கம் இருந்தால் நடுவில் உள்ள ஒயர் பற்றிக்கொள்ளும். வீட்டுக்குப் போடும் ஏ.சி. எம்.சி.பி. (மின்னோட்டம் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்) இங்கே ஆகாது. ஏ.சி. மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொடுவதால், துண்டிக்கும்போது எழும் தீப்பொறி அணையும், டி.சி.யில் அது விடாமல் எரியும்.

அப்புறம், கன்ட்ரோலரில் முதலில் பேட்டரி, பிறகுதான் பேனல். கழற்றும்போது பேனல் முதலில்.