மேடேறி வீடு சேர்ந்ததும் வரும் கோபம்

வணக்கம் ஐயா. கோத்தகிரியில் பேருந்திலிருந்து இறங்கி, காய்கறிப் பையுடன் படியேறி வீடு சேர்ந்த சற்று நேரத்தில் பிள்ளைகள்மீது எரிந்து விழுவதாகவும், கோபம் தணிய விறகு பிளக்குமாறு நண்பர் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள்.

உடற்பயிற்சியால் எழும் கிளர்ச்சி, பின்னர் யாராவது சீண்டும்போது பதிலடியைக் கடுமையாக்குவதை டால்ஃப் சில்மனும் உடன் ஆய்ந்தவர்களும் 1972இல் காட்டினார்கள். மூச்சு வாங்கும்போது காரணம் மேடுதான் என்று நமக்கே தெரியும். மூச்சு சீரானதும் மேடு மறந்துவிடுகிறது, ஆனால் படபடப்பு முழுதும் அடங்கியிராத அந்த நேரத்தில் தரையில் சிந்திய பால் கண்ணில் பட்டால், மிச்சமிருப்பதும் கோபத்தின் கணக்கில் ஏறிவிடுகிறது. குன்னூரில் இருக்கும் எனக்கும் இதே கதைதான். இப்போதெல்லாம் வாசல் திண்ணையில் அமர்ந்து, செருப்பின் வாரை மெதுவாக அவிழ்த்து, வெந்நீர் குடித்து, கால் மணி நேரம் கழித்தே உள்ளே போகிறேன்.

விறகை அடுப்புக்காக மட்டும் பிளந்துகொள்ளுங்கள். 154 ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் வெளிவந்த அலசலில், உடலை முடுக்கும் செயல்கள் பொதுவாகக் கோபத்தைக் குறைக்கவில்லை. நிதானமான மூச்சுப் பயிற்சி போன்றவையே குறைத்தன.

வேகமான நாடித்துடிப்பு கெட்ட குணத்தின் அடையாளமோ என்றும் அஞ்சியிருந்தீர்கள். ஸ்வீடனில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் பதிவுகளில், ஓய்வுநிலைத் துடிப்பு குறைவாக இருந்தவர்களிடமே பிற்கால வன்முறைக் குற்றங்கள் கூடுதலாகக் காணப்பட்டன. அரை மணி ஓய்வுக்குப் பின்னும் படபடப்பு நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.