பிரதமருக்குப் போன மனுவும், கைவிட்டுப் போன 30 நாளும்

கேள்வி: எங்கள் வீட்டின் கிழக்குச் சுவர் தன் இடத்தில் இருப்பதாகப் பெரியப்பா மகன் வழக்குப் போட்டார். சுவரை இடித்து 1 சென்ட் இடத்தை ஒப்படைக்கச் சொல்லி முன்சீப் கோர்ட்டில் 14 மாதம் முன்பு தீர்ப்பானது. அப்பா கட்டிய சுவர் அது. நீதிபதியை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று பிரதமருக்கு மனு அனுப்பினேன். "உரிய நடவடிக்கைக்காகத் தலைமைச் செயலாளருக்கு அனுப்பப்படுகிறது" என்று பதில் வந்தது. இப்போது இ.பி. (தீர்ப்பை நிறைவேற்றக் கேட்டுப் போடும் மனு) நோட்டீஸ் வந்திருக்கிறது. மனு பிரதமரிடம் நிலுவையில் இருக்கும்போது இடிக்க முடியுமா?
- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முடியும். உங்கள் பெரியப்பா மகன் செய்த துரோகம், அப்பா சுவர் கட்டிய கதை, சாட்சி மாற்றிச் சொன்னது எல்லாம் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். வருத்தம் புரிகிறது. ஆனால் இன்றைக்கு ஒரே ஒரு விஷயம்தான் கணக்கில் வரும். சார்பு நீதிமன்றத்தில் அப்பீல் போட உங்களுக்கு 30 நாள் இருந்தது. போடவில்லை.

உங்களிடம் இருப்பது பிரதமரின் உத்தரவு அல்ல, மனு கைமாறியதற்கான தகவல் கடிதம். அது தலைமைச் செயலாளரிடமிருந்து கலெக்டர், தாசில்தார் என்று இறங்கி, "நீதிமன்ற விவகாரம்" என்று முடிக்கப்படும். பென்ஷன், பி.எஃப்., ரயில்வே போன்ற மத்திய அரசு வேலை எங்காவது முடங்கிக் கிடந்தால் அந்த மனு உதவும். நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. தீர்ப்போ எந்த அரசின் பட்டியலிலும் இல்லை. அமைச்சர்களைத் தேர்வு செய்வதும், அமைச்சரவைக்குத் தலைமை தாங்குவதும், அதன் முடிவுகளைக் குடியரசுத் தலைவருக்குத் தெரிவிப்பதும் பிரதமரின் கையில் இருக்கின்றன. ஒரு முன்சீப் எழுதிய டிகிரியில் (தீர்ப்பாணையில்) ஒரு வரியை அடிக்க அவரால் முடியாது. மன்னிப்பு அதிகாரம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது குடியரசுத் தலைவருடையது, குற்ற வழக்கின் தண்டனைக்கு மட்டும்.

1975 ஜூன் 12 அன்று இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா தீர்ப்புச் சொன்னார். நாட்டின் பிரதமரே என்ன செய்தார்? அப்பீலும் தடை மனுவும் போட்டார். ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் நிபந்தனையோடு தடை கொடுத்தார். பதவியில் இருக்கலாம், அவைக்குப் போகலாம், மக்களவையில் ஓட்டுப் போடக் கூடாது. மறுநாள் நெருக்கடி நிலை வந்தது, அதன்பின் தன் வழக்கையே முடித்துவைக்கும்படி அரசமைப்புச் சட்டத்தையும் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தின் முக்கியப் பிரிவை அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தன் தீர்ப்புக்கே 12 நாளில் கோர்ட்டில் தடை வாங்க வேண்டியிருந்த பதவி அது. உங்கள் தீர்ப்புக்கு அங்கிருந்து தடை எப்படி வரும்?

சரி, இனி ஆபத்து எங்கே என்று சொல்கிறேன். தாமத மன்னிப்பு மனுவோடு இப்போது அப்பீல் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். போடலாம்தான். ஆனால் 13 மாதத் தாமதத்துக்குக் காரணம் கேட்பார்கள். "பிரதமரிடமிருந்து பதில் வரும் என்று காத்திருந்தேன்" என்பது எடுபடுவது கடினம். தவறான கோர்ட்டில் நல்லெண்ணத்தோடு வழக்கு நடத்திய காலத்தைக் கழித்துக் கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் பிரதமர் அலுவலகம் கோர்ட் அல்ல. மனு மேல் மனு போடுவதால் காலவரையறை நீளாது என்று உச்ச நீதிமன்றம் அரசு ஊழியர்களின் பணி வழக்குகளில் பலமுறை சொல்லியிருக்கிறது. உங்களுக்கும் அதே தர்க்கத்தைத்தான் சொல்வார்கள்.

பலர் கவனிக்காத இடம் இதற்கு அடுத்தது. தாமதமாகப் போட்ட அப்பீலை விசாரிப்பது என்று கோர்ட் முடிவெடுக்கும் வரை, நிறைவேற்றத்துக்குத் தடை கொடுக்கக் கூடாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஆம் கட்டளை, 3-ஏ விதி. தாமத மனு நடந்துகொண்டிருக்கும்போதே இ.பி.யும் நடக்கும். இ.பி. கோர்ட்டில் போய்த் தீர்ப்பு தவறு என்று வாதாடவும் முடியாது. என் கட்சிக்காரர் ஒரு அம்மா, கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் ஊழியரான அமீனா வந்த அன்று பிளாஸ்டிக் உறையில் போட்ட இதே மாதிரிக் கடிதத்தை நீட்டினார். அமீனா படித்தார், திருப்பிக் கொடுத்தார், ஆட்களைக் கூப்பிட்டார். மதியத்துக்குள் சமையலறைச் சுவர் கீழே கிடந்தது. பாத்திரங்களை வெளியே எடுக்கக்கூட அந்த அம்மா தயாராக இல்லை.

இன்னொன்று. நீதிபதி விலைபோனார் என்று ஆதாரமில்லாமல் எழுதிய அந்த வரி நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் கொண்டுபோய் விடக்கூடும். இனி எந்த மனுவிலும் அதை எழுதாதீர்கள். அந்த மனுவின் நகலை உங்கள் வக்கீலிடம் காட்டாமல் எந்த கோர்ட்டிலும் தாக்கல் செய்யாதீர்கள். டெல்லியில் ஆள் இருக்கிறது, பிரதமரிடமே சொல்லி முடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்டு வருபவரை வாசலோடு அனுப்புங்கள். போகும் பணம் திரும்பாது, அரசு ஊழியரை வளைக்கக் கொடுத்தது என்றால் கொடுத்த நீங்களும் குற்றவாளி.

என் யோசனை சமரசம். 1 சென்ட் இடத்துக்கு இன்றைய விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்ளப் பாருங்கள். பெரியப்பா மகன் கேட்பது கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும், சுவரை இடித்துக் கட்டும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரியவர்களை வைத்துப் பேசி, கைகுலுக்கி, டீ குடித்துவிட்டு வருவதோடு நிறுத்திவிடாதீர்கள். இ.பி. கோர்ட்டில் 30 நாளுக்குள் பதிவாகாத சமரசத்தையும் கொடுத்த பணத்தையும் அந்தக் கோர்ட் ஏற்காது. பணத்தையும் வாங்கிக்கொண்டு இ.பி.யையும் நடத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். இருவரும் கையெழுத்திட்ட மனுவைத் தாக்கல் செய்யுங்கள், இடத்துக்குக் கிரயப் பத்திரம் பதிவு செய்யுங்கள், பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள்.

நோட்டீஸில் ஒரு வாய்தா தேதி இருக்கும். அதற்கு ஒரு வாரம் முன்பாவது, டிகிரி நகலோடும் பத்திரங்களோடும் உங்கள் ஊர் வக்கீல் முன்னால் உட்கார்ந்திருங்கள். கடிதத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.