சர்க்கரைக் கரைசலும் ஒளிச்சுழற்சியும்

கேள்வி: பிளஸ் டூ மாணவர்களுக்கு ஒளிச்சுழற்சியை (ஒரு பொருளினூடே செல்லும் ஒளியின் அதிர்வுத்தளம் திரும்புவதை) காட்ட, அச்சுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைய வைத்த இரண்டு போலராய்டுகளுக்கு (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடுகளுக்கு) நடுவே, பிளாஸ்டிக் புட்டியில் சர்க்கரைக் கரைசலை வைத்தேன். அழகான நிறங்கள் தெரிந்தன. ஆனால், வெறும் தண்ணீரை ஊற்றினாலும் நிறங்கள் தெரிகின்றனவே, ஏன்?
– இயற்பியல் ஆசிரியை ஒருவர்

பதில்: அந்த நிறங்கள் புட்டியால் வந்தவை. பிளாஸ்டிக்கை வார்க்கும்போது அதனுள் தங்கிவிடும் தகைவு (உள் இறுக்கம்) இரட்டை ஒளிவிலகலை, அதாவது அதிரும் திசைக்கேற்ப ஒளியின் வேகம் மாறுவதை, உண்டாக்குகிறது. அதற்கும் ஒளிச்சுழற்சிக்கும் தொடர்பில்லை. கண்ணாடி பீக்கருக்கு மாறுங்கள்.

50 கிராம் சர்க்கரையைக் கரைத்து, மொத்தக் கரைசல் 100 மில்லிலிட்டர் வருமாறு நீர் சேர்த்து, அதே செறிவில் 10 செ.மீ. உயரத்துக்கு பீக்கரில் ஊற்றுங்கள். அடியில் டார்ச், அதன்மேல் வெள்ளைத்தாள், ஒரு போலராய்டு. பீக்கருக்கு மேல், வெளிவரும் ஒளியை ஆராயும் பகுப்பானாக, இன்னொரு போலராய்டு. சர்க்கரையின் தன் சுழற்சி எண் (மில்லிலிட்டருக்கு 1 கிராம் செறிவில், 10 செ.மீ. நீளத்துக்கான சுழற்சி) சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளிக்கு 66.5 பாகை என்பதால், இந்த உயரத்தில் மஞ்சள் ஒளியின் அதிர்வுத்தளம் ஏறத்தாழ 33 பாகை திரும்பும். அலைநீளம் குறையக் குறையச் சுழற்சி கூடுவதால், நீல ஒளி அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு திரும்பும். ஆகவே, வெள்ளொளியில் எந்தக் கோணத்திலும் முழு இருள் கிடைக்காது. மேலிருந்து பார்த்தபடி, பகுப்பானை, கீழுள்ள போலராய்டுக்கு அச்சு செங்குத்தான நிலையிலிருந்து வலஞ்சுழியாகத் திருப்பினால், நீலச்சாயல் ஊதாவாகி, பின்பு ஆரஞ்சாக மாறும். சோடியம் விளக்கு இருந்தால் 33 பாகையை ஒட்டி இருள் வரும். அளவீட்டுக்கு அதுவே உகந்தது.

மாணவர்களிடம் கட்டாயம் செய்துகாட்ட வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பீக்கரை மட்டும் அதன் அச்சில் சுழற்றுங்கள்: நிறம் மாறாது. பீக்கருக்குப் பதில், இரட்டை ஒளிவிலகல் உள்ள செலோ டேப் ஒட்டிய கண்ணாடித் துண்டைச் சுழற்றினாலோ ஒளிர்வு கூடிக் குறையும். கரைசலில் மூலக்கூறுகள் எல்லாத் திசைகளிலும் தாறுமாறாகக் கிடந்தும் சுழற்சி அழிந்துபோவதில்லை. வலப்புரித் திருகாணியைத் தலைகீழாகப் பிடித்தாலும் அது வலப்புரியாகவே இருப்பதுபோல, சர்க்கரை மூலக்கூறின் கைத்தன்மை (வலக்கை, இடக்கை போன்ற வடிவ வேறுபாடு) அது கிடக்கும் திசையைப் பொறுத்ததல்ல. 1811-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் அராகோ குவார்ட்ஸ் படிகத்தில் கண்ட சுழற்சியை, சில ஆண்டுகளில் இன்னொரு பிரெஞ்சு இயற்பியலாளரான பியோ டர்பன்டைன் போன்ற திரவங்களிலும் கண்டபோது, படிக அடுக்கு இல்லாமலும் இது நிகழும் என்பது உறுதியாயிற்று.

நேரமிருந்தால், கரைசலில் சிறிது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து வெதுவெதுப்பாக வைத்திருங்கள். சுக்ரோஸ், குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடையும். ஃபிரக்டோஸின் இடஞ்சுழற்சி வலுவானதால், வலப்புறம் திரும்பிய தளம் மெல்ல மெல்ல இடப்புறம் வந்துவிடும்.