மேடையில் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டாம்

சேலத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அம்மாப்பேட்டைப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். வருடா வருடம் 25,000 ரூபாய் பள்ளிக்குக் கொடுக்கலாம் என்றிருக்கிறோம். மார்க்குக்குப் பரிசு கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் ‘இரக்கமுள்ள மாணவர்’ என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க நினைக்கிறோம். எப்படித் தேர்ந்தெடுப்பது?
- வாசகர், சேலம்

பதில்: மார்க்கைத் தாண்டி யோசித்தீர்களே, அதற்கே உங்களுக்கு என் வணக்கம். ஆனால் அந்தப் பரிசு மட்டும் வேண்டாம். இரக்கத்துக்கு 25,000 ரூபாய் என்று அறிவித்தால், வாத்தியார் பார்க்கும்போது மட்டும் உதவி செய்கிற பிள்ளைகள் உருவாகிவிடுவார்கள். வார்னெக்கன், டோமசெல்லோ என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2008ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 20 மாதக் குழந்தைகள், பெரியவர் கைதவறிப் போட்ட பொருளை எடுத்துக் கொடுக்கிறார்கள். சிலருக்கு அதற்காக ஒரு விளையாட்டுச் சாமான் கிடைக்கிறது, சிலருக்குப் பாராட்டு, சிலருக்கு ஒன்றுமே இல்லை. சாமான் வாங்கிப் பழகிய குழந்தைகள்தான் பிறகு குறைவாக உதவினார்கள். பேச்சு சரியாக வராத வயதிலேயே இப்படி என்றால், எட்டாவது படிக்கிற பிள்ளையைக் கேட்கவே வேண்டாம்.

பணத்தை வகுப்புகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். யாருக்கு, எதற்கு என்பதைப் பிள்ளைகளே பேசி முடிவு செய்யட்டும். நான் வேலை பார்த்த பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு இப்படி ஒரு சின்னத் தொகையை ஒதுக்கியிருந்தோம். பள்ளியைச் சுற்றி வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். பட்டறையில் பற்றவைப்பு வேலை பார்ப்பவரின் மகன் ஒருவன், மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த பக்கத்தைச் செப்புக் கம்பியால் முறுக்கிக் கட்டிக்கொண்டு வருவான். குனிந்து எழுதும்போதெல்லாம் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்வான். அவன் வராத ஒரு நாளில் வகுப்பில் பேச்சு வந்தது. “புதுசு வாங்கிக் கொடுத்துடலாம் டீச்சர்” என்றார்கள் முன்வரிசைப் பையன்கள். “நாம வாங்கிக் குடுத்தா அவன் போடமாட்டான்” என்றான் அவனுடைய சிநேகிதன். கொஞ்ச நேரம் ஒரே சத்தம். அப்புறம் ஒரு பெண் எழுந்து, “எல்லாருக்கும் கண்ணு பாக்கச் சொல்லுங்க டீச்சர். அப்ப அவன் மட்டும் தனியாத் தெரியமாட்டான்” என்றாள்.

எனக்கு அந்த யோசனை தோன்றவே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லி, மொத்த வகுப்புக்கும் பரிசோதனை நடந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி இலவசம் என்பதால் பணமே செலவாகவில்லை. கரும்பலகை சரியாகத் தெரியாமல் இன்னும் சிலர் இருந்தது அன்றைக்குத்தான் வெளியே வந்தது. பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிறாள் என்று திட்டு வாங்கிக்கொண்டிருந்த பெண்ணும் அதில் ஒருத்தி.

இதைத்தான் உங்கள் பணம் வாங்கித் தர வேண்டும். அடுத்தவனுக்கு என்ன வேண்டும் என்று யோசிப்பதோடு, அதை எப்படிக் கொடுத்தால் அவன் மனசு நோகாது என்றும் பிள்ளைகள் உட்கார்ந்து பேச வேண்டும். ஓட்டெடுப்பு வைக்காதீர்கள். ஓட்டென்றால் கூட்டாளி அதிகமுள்ளவன் ஜெயிப்பான். ஒத்துப்போகும்வரை பேசட்டும், நேரமானால் ஆகட்டும். ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் போதும், அவராக யோசனை சொல்ல வேண்டியதில்லை. கணக்கு, ரசீதெல்லாம் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகப் போகட்டும். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள்தான், கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும், நல்லதுதான்.

கேள்வி: ஏற்காட்டில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பள்ளியில் ஆண்டு விழா மேடையில் ஏழைப் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்து, உதவித்தொகைக் காசோலையோடு போட்டோ எடுப்பார்கள். இந்த வருடம் மலைக்கிராமத்து மாணவி ஒருத்தி மேடைக்கு வர மறுத்துவிட்டாள். கொடுப்பவர் மனம் வருந்திவிட்டார். அவளிடம் என்ன சொல்லட்டும்?
- வாசகி, ஏற்காடு

பதில்: அவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். சொல்ல வேண்டியது கொடுப்பவரிடம். வாங்குகிற பிள்ளை ஒருத்தி என்றால், கீழே உட்கார்ந்து பார்க்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! உதவி என்றால் ஒருவர் உயரத்தில் நின்று நீட்டுவது, இன்னொருவர் தலைகுனிந்து வாங்குவது என்று அத்தனை பேரும் அன்றைக்குக் கற்றுக்கொள்கிறார்கள். வருடம் முழுக்க நீங்கள் வகுப்பில் பரிவைப் பற்றிச் சொன்னதெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் அடிபட்டுப் போகும்.

மத்திய அரசின் தேசிய வருவாய்வழி, திறன் படிப்புதவித் திட்டத்தைப் பாருங்கள். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிப்பவர்கள் எழுதும் தேர்வு. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை வருடத்துக்கு 12,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்கிலேயே விழுகிறது. மேடையும் கிடையாது, மாலையும் கிடையாது. 2022ல் வந்த புதுமைப் பெண் திட்டத்திலும், 2024ல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மேற்படிப்பு படிக்கிற பிள்ளைகளுக்கு மாதா மாதம் 1,000 ரூபாய் கணக்குக்கே போகிறது. உங்கள் ஊர்க் கொடையாளரும் அப்படியே செய்யலாம். அவருக்குப் பிள்ளைகளோடு பேச ஆசை இருக்கும், அதில் தப்பில்லை. ஒரு மத்தியானம் வகுப்புக்கு வரச் சொல்லுங்கள். தான் படித்த காலத்தில் யார் கைகொடுத்தார்கள் என்று எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லட்டும். யாருக்குப் பணம் போகிறது என்பது அந்த அறையில் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று. அந்தப் பெண் மறுத்ததைத் திமிர் என்று ஆசிரியர்கள் அறையில் யாராவது பேசினால் தயவுசெய்து அங்கேயே நிறுத்துங்கள். உதவித்தொகை எக்காரணத்தாலும் நிற்கக் கூடாது.

கேள்வி: என் மகளுக்குத் தேசிய வருவாய்வழி, திறன் படிப்புதவி கிடைத்திருக்கிறது. அதில் ஒரு பங்கைத் தன்னைவிட ஏழையான பிள்ளைக்குக் கொடுத்தால் அவளுக்கு நல்ல குணம் வளரும் என்கிறார் அவள் தாத்தா. சரியா?
- வாசகி, குகை

பதில்: பெரியவரின் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் வேண்டாம். அது அவள் படிப்புக்கான பணம், அவளுடைய உரிமை. பத்தாவதில் 60 சதவீதம் எடுத்தால்தான் பதினொன்றாவதில் தொகை தொடரும் (பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு). அதற்கு வேண்டியதை வாங்கிக்கொள்ளட்டும். இப்போது எட்டாவது படிக்கிற பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் அந்தத் தேர்வுக்குச் சொல்லிக்கொடுக்கிறாயா என்று கேட்டுப் பாருங்கள். விருப்பமிருந்தால் மட்டும்.

கேள்வி: மாணவர்களின் புது அறிவியல் யோசனைகளுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் மானக் விருதுக்கு என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் யோசனை கேட்டால், எல்லாம் இணையத்தில் பார்த்த ரோபோதான் வருகிறது. என்ன செய்ய?
- அறிவியல் ஆசிரியர், சேலம்

பதில்: தேர்வாகும் பிள்ளைக்கு மாதிரி செய்ய 10,000 ரூபாய் வரும் நல்ல திட்டம். ஆனால் கணினி முன்னால் உட்காரவைத்து யோசனை கேட்காதீர்கள். கொலுசுப் பட்டறைக்கோ, ஜவ்வரிசி ஆலைக்கோ, முடிந்தால் காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் ஏற்காட்டுத் தோட்டத்துக்கோ கூட்டிப்போங்கள். வேலை செய்பவரிடம் “உங்களுக்கு எங்கே வலிக்கும்?” என்று ஒவ்வொரு பிள்ளையும் கேட்கட்டும். இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு சரிவில் நின்று பறிப்பவருக்கு முதுகு வலிக்கும், நாள் முழுக்கப் பற்றவைப்பவருக்குக் கண் எரியும். எழுதிக்கொண்டு வந்ததை வகுப்பில் வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு பள்ளி ஐந்து யோசனைகள் வரை அனுப்பலாம். அனுப்புவதற்கு முன்னால், யாருடைய வலிக்காக யோசித்தார்களோ அவரிடமே திரும்பப் போய்க் காட்டிவிட்டு வரட்டும்.