பேக்கப் எடுக்கும்போது மட்டும் கணினி திடீரென அணைந்துவிடுகிறது. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

ஆறு ஆண்டுகள் பழைய மேசைக் கணினி, விண்டோஸ் 10, நாள் முழுவதும் கணக்கு வேலை பார்த்தாலும் தொல்லை இல்லை, ஆனால் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் தொடங்கி இருபது முப்பது நிமிடங்களில் எந்த அறிவிப்பும் இன்றி அணைந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஏறத்தாழ இதே நிலையில் 2022 மே மாதத்தில் நானும் இருந்தேன் என்பதால், அப்போது நான் செய்த தவறுகளையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில், அதே பேக்கப்பை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்ப்பதை நிறுத்துங்கள். எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் மின்சாரம் துண்டிக்கப்படும் ஒவ்வொரு முறையும் வெளி டிஸ்க்கின் கோப்பு அமைப்பு பழுதாக வாய்ப்பு உண்டு. அந்த டிஸ்க் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருந்தால், விண்டோஸின் வழக்கமான என்டிஎஃப்எஸ் முறையில் இருக்கும், மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு அதில் இல்லாததால், அந்த ஆபத்து இன்னும் கூடுதல். பழைய பேக்கப் இருப்பதும் அதே டிஸ்க்கில்தான் என்றால் அதைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, வேறொரு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ மீண்டும் உருவாக்க முடியாத கோப்புகளை மட்டும், சுருக்காமல், ஒரு முறைக்கு நான்கைந்து ஜிபி அளவாக, இடைவெளி விட்டு நகலெடுங்கள். காரணத்தைத் தேடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும். நான் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து, என் மகளின் சிறுவயதுப் படங்கள் இருந்த ஒரு கோப்புறையை ஏறக்குறைய இழந்தேன்.

மற்ற நேரங்களில் நன்றாக ஓடும் கணினி பேக்கப்பின்போது மட்டும் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் பேக்கப் மென்பொருள் அன்று. கணக்கு எழுதும்போது பிராசசர் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். பேக்கப்பிலோ உள் டிஸ்க் இடைவிடாமல் படிக்கிறது, படித்ததைப் பிராசசர் சுருக்கிக்கொண்டே இருக்கிறது, வெளி டிஸ்க்கும் தனக்கான மின்சாரத்தை யுஎஸ்பி வழியாகக் கணினியிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. இவ்வளவும் ஒரே நேரத்தில், மணிக்கணக்கில் நடக்கிறது. ஏற்கெனவே தளர்ந்திருக்கும் ஓர் உறுப்பு தன் தளர்ச்சியைக் காட்டுவது இப்படிப்பட்ட வேளையில்தான்.

அடுத்து, பெட்டியைத் திறப்பதற்கு முன், கணினியில் நடப்பவற்றின் பதிவுகளைக் காட்டும் விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதன் கீழுள்ள சிஸ்டம் பகுதியில் கணினி அணைந்த நேரத்தைத் தேடுங்கள். அங்கே 1074 என்ற எண் இருந்தால் ஏதோ ஒரு நிரலோ பயனரோ முறைப்படி அணைக்கச் சொல்லியிருக்கிறது என்று பொருள். எந்த நிரல் என்பதும் அந்தப் பதிவிலேயே இருக்கும். கெர்னல்-பவர் 42 இருந்தால் கணினி அணையவில்லை, உறக்கநிலைக்குச் சென்றிருக்கிறது. பவர் அமைப்புகளை மாற்றினால் போதும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கெர்னல்-பவர் 41 இருக்கும் என்றே நினைக்கிறேன். அது அடுத்த முறை கணினி எழும்போது எழுதப்படும் பதிவு. முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. ஆகவே அதன் விவரங்களுக்குள் சென்று பக்செக்கோட் என்ற பிழை எண்ணைப் பாருங்கள். அது 0 அல்லாத எண்ணாக இருந்தால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றிருக்கிறது: 292 என்றால் வன்பொருள் பிழை, 26 என்றால் நினைவக மேலாண்மைப் பிழை. 0 என்றால் பெரும்பாலும் விண்டோஸுக்கு எதையும் குறித்துவைக்க நேரம் கிடைக்காதபடி மின்சாரமே நின்றிருக்கிறது. தேட வேண்டிய இடம் வெப்பமும் மின்வழங்கலும்தான்.

என் கணினியில் 0 இருந்தது. வெப்பமாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, சோதிக்காமலேயே பிராசசரின் மேல் வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்கைக் கழற்றித் தூசி தட்டி, இரண்டுக்கும் இடையே வெப்பம் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவினேன்; மறுநாளும் அணைந்தது. அதன் பிறகுதான் எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில், வெப்பநிலையை இரண்டு வினாடிக்கு ஒரு முறை கோப்பில் பதிவு செய்யும் வசதியை இயக்கிவிட்டுப் பேக்கப்பைத் தொடங்கினேன். கணினி அணைந்த பின் அந்தக் கோப்பின் கடைசி வரியில் பிராசசர் வெப்பம் 68 டிகிரி என்று இருந்தது. பல இன்டெல் பிராசசர்களின் எல்லை 100 டிகிரியை ஒட்டியது. அதை நெருங்கும்போதும் அவை முதலில் வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் பார்க்கும். எனவே 68 டிகிரியில் அணைந்ததற்குப் பிராசசரைக் குற்றம் சொல்ல முடியாது.

பிறகு வேலையைப் பிரித்துச் சோதித்தேன். கோப்புகளைச் சுருக்கும் செவன்-ஜிப் மென்பொருளில் உள்ள, பிராசசருக்கு முழுச் சுமை தரும் பெஞ்ச்மார்க் சோதனையை மட்டும் ஒரு மணி நேரம் ஓடவிட்டேன், அணையவில்லை. சுருக்காமல் வெறும் நகலெடுப்பு மட்டும் ஒரு மணி நேரம் நடந்தது, அப்போதும் அணையவில்லை. இரண்டையும் சேர்த்து ஓட்டியபோது இருபத்தைந்தாவது நிமிடத்தில் அணைந்தது. உடனே எழுப்பி மீண்டும் ஓட்டினால் ஏழே நிமிடத்தில் அணைந்தது. தனித்தனிச் சுமையைத் தாங்கி, மொத்தச் சுமையில் விழுவதும், சூடாக இருக்கும்போது இன்னும் சீக்கிரம் விழுவதும் முதுமையடைந்த எஸ்எம்பிஎஸ்ஸின், அதாவது கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டியின், குணம். அதில் மின்னேற்றத்தைச் சேமிக்கும் கெப்பாசிட்டர்கள் ஆண்டுக்கணக்கான வெப்பத்தில் வலுவிழக்கின்றன. நண்பரின் எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கி மாட்டியதும் மூன்று மணி நேரப் பேக்கப் தடையின்றி முடிந்தது. நீங்களும் புதிதாக வாங்குமுன் இப்படி ஒன்றை மாற்றி மாட்டிப் பாருங்கள். ஆனால் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கலாம்.

உங்கள் கணினியின் வெப்பப் பதிவுக் கோப்பில் வெப்பநிலை எல்லையைத் தொட்டிருந்தால் என் கதையை விட்டுவிட்டு, தூசியையும் பேஸ்ட்டையும் மின்விசிறி சுழல்கிறதா என்பதையும் பாருங்கள். சுவரை ஒட்டியோ மேசையின் மூடிய அறைக்குள்ளோ கணினி இருந்தால் வெளியே எடுத்து வையுங்கள்.

யுபிஎஸ் வழியாக இணைத்திருக்கிறீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. நம் ஊர் வெயிலில் அதன் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும். பிறகு மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்தாலும், பேட்டரிக்கு மாறும் அந்த நொடியில், சுமை அதிகமாக இருந்தால் வெளியீடு நின்றுவிடும். ஒரு சோதனைக்கு மட்டும் யுபிஎஸ்ஸைத் தவிர்த்துச் சுவர்ப் பிளக்கில் நேரடியாக இணைத்துப் பார்க்கலாம். செலவே இல்லாத எளிய சோதனை இது என்பதால், கோப்புகளை நகலெடுத்து முடித்ததும் சோதனைகளில் முதலில் இதையே செய்யுங்கள்.

டிஸ்க் கெட்டிருந்தால் கணினி பொதுவாக உறையும், மந்தமாகும். இப்படிச் சட்டென அணைவது அரிது. இருந்தாலும் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் ஒரு முறை பாருங்கள். படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் (டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால், எல்லாச் சோதனைகளையும் நிறுத்திவிட்டுத் தரவை மீட்பது ஒன்றே வேலை.

கடையில் விண்டோஸை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்று சொன்னார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அதே அறிவுரை கிடைத்தது. பக்செக்கோட் 0 ஆக இருக்கும் நிலையில், பேக்கப் முடியாத ஒரு டிஸ்க்கை ஃபார்மட் செய்ய யாரிடமும் ஒப்படைக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

பக்செக்கோட் எண், வெப்பப் பதிவின் கடைசி வரி, உடனே மறுபடி ஓட்டும்போது எத்தனை நிமிடத்தில் அணைகிறது ஆகிய மூன்றையும் கேள்வியில் சேர்த்து எழுதினால், எஸ்எம்பிஎஸ்ஸா வெப்பமா என்பதை இன்னும் உறுதியாகச் சொல்ல முடியும். பேக்கப் ஒருநாள் முழுமையாக முடிந்ததும், அதிலிருந்து நான்கைந்து கோப்புகளை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பாருங்கள். நடுவில் அணைந்த நாள்களில் உருவான என் பழைய பேக்கப் கோப்புகளில் இரண்டு, பட்டியலில் சரியாகத் தெரிந்தாலும், திறக்கவே இல்லை.